நடுநிசி ரத்தமும் பகல் ரத்தமும்: யானைக்கால் ஆய்வில் ஒரு புரதத்தின் வரலாறு

தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். 1993 வரை அது தென்னார்க்காடு, அதன்பின் விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். யானைக்கால் நோய் பற்றிய ஆய்வேடுகளில் இவ்வட்டாரத்தின் பெயர் அடிபடுவதற்குக் காரணம் திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்கள். மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் அங்கே சில ஊர்களுக்கு யானைக்கால் புழுவுக்கெதிரான மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில் மாத்திரையோடு, கழிவுநீர்க் குழிகளில் பாலிஸ்டிரீன் மணிகளை மிதக்கவிட்டுக் கொசுவையும் அடக்கிப் பார்த்தார்கள். அந்த ஒப்பீடு 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது.

மாத்திரை வேலை செய்கிறதா என்று அறிய ரத்தம் பார்த்தாக வேண்டும். ஆனால் இந்நோயை உண்டாக்கும் வுச்சரேரியா பாங்கிராப்டி புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நாளங்களில் பதுங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் விரல் நுனி வரை வரும். ஆகவே ஊர் உறங்கிய பிறகு கதவைத் தட்டி, விரலில் குத்தி, சுமார் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் புழுக்களை எண்ணுவார்கள். விடிந்தால் கரும்பு வெட்டப் போகிறவரை நள்ளிரவில் எழுப்புவது எந்த வீட்டிலும் வரவேற்கப்பட்டிருக்காது.

பகல் ரத்தத்தில் புழு இல்லாவிட்டாலும், அதற்கெதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருக்கும். அதைப் பிடிக்கப் புழுவின் புரதம் தூண்டில். சிக்கல் இங்கேதான். வுச்சரேரியாவை எலியிலோ முயலிலோ வளர்க்க முடியாது. அதற்கு மனித உடல்தான் வீடு. அதன் உறவுப் புழுவான புரூகியா மலாயியை ஆய்வகக் கொறிணிகளில் வளர்க்கலாம். ஆனால் முழுப் புழுவை அரைத்தெடுத்த சாறு, வயிற்றில் நாக்குப்பூச்சி உள்ளவரின் ரத்தத்தோடும் வினைபுரிந்து விடும். நம் கிராமங்களில் அப்படியொரு சோதனையை நம்பி என்ன பயன்?

1992-இல் திசாநாயக்க, ஷு, ஹார்வர்டைச் சேர்ந்த பீசென்ஸ் ஆகியோர் புரூகியாவின் மரபணுத் தொகுப்பிலிருந்து எஸ்.எக்ஸ்.பி.-1 என்ற ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் புரதத்தை, பிரித்தெடுத்தனர். பகலில் எடுத்த ரத்தத்தைக் கொண்டே நோயறியலாம் என்பதைக் கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 2000-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக உயிரித் தொழில்நுட்ப மையத்தின் பி.கலிராஜ், குந்தலா ஜெயராமன், ஆர்.பி.நாராயணன் முதலியோர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, வுச்சரேரியாவிலேயே உள்ள இணைப் புரதத்தை வெளியிட்டனர். என் கணிப்பில் திருப்பம் இதுதான்: வளர்க்க முடியாத புழுவின் புரதம், எளிதில் வளரும் ஈ.கோலி பாக்டீரியாவின் வயிற்றில் விளைந்தது.

விளைந்ததைத் தூய்மையாக்கும் முறை பார்க்க அழகானது. புரதத்தின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின்களை வாலாகக் கோத்துவிடுவார்கள். பாக்டீரியாவை உடைத்த கலங்கல் சாற்றை நிக்கல் ஏற்றிய இளநீலப் பிசின் குழாயில் ஊற்றினால், மற்ற புரதங்கள் பெரும்பாலும் வழிந்தோடும்; வாலுள்ளது நிக்கலைப் பற்றிக்கொள்ளும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றினால் அது பிடியை விட்டு இறங்கும். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், நெருக்கமான பட்டைகள் இருந்த இடத்தில் ஒரே பட்டை.

அந்தப் புரதத்தை வைத்துச் சென்னைக் குழு விரைவுச் சோதனையும் உருவாக்கியது; 2004-இல் அதன் மதிப்பீடு வெளிவந்தது. ஆனால் களத்தை வென்றது வேறு. புழுவின் ஆன்டிஜெனையே ரத்தத்தில் தேடும் அட்டைச் சோதனை 1990களின் பிற்பகுதியிலேயே வந்திருந்தது. அதற்கும் பகல் ரத்தம் போதும். எதிர்ப்பொருளோ புழு செத்த பின்னும் நெடுநாள் தங்கும். இன்றைய நோயா, பழைய சுவடா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சென்னைப் புரதம் பெரும்பாலும் ஆய்வகத்தோடு நின்றது. மலேசியாவில் ரஹ்மா நூர்டின் குழுவினரின் மறுசேர்க்கைப் புரதமான பி.எம்.ஆர்-1 மட்டும், அட்டைச் சோதனைக்குச் சிக்காத புரூகியா நோய் பரவிய நாடுகளின் கணக்கெடுப்புகளில் இடம்பிடித்தது.

எதிர்ப்பொருள் நெடுநாள் தங்கும் அந்தக் குறையே இன்று பயனாகவும் மாறலாம். மாத்திரைத் திட்டம் முடிந்தபின் பிறந்த பிள்ளைக்குப் பழைய சுவடு இருக்க வழியில்லை. ஆறேழு வயதுக் குழந்தைகளின் பகல் ரத்தத்தில் சென்னைப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் கிடைத்தால், அந்த ஊர்க் கொசு இன்னும் புழுவைச் சுமக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும்.