காஜிப்பூர்ச் சரக்கு

காசிக்குக் கிழக்கே கங்கைக் கரையில் அமைந்த காஜிப்பூர், பன்னீருக்கும் அத்தருக்கும் பெயர்போன ஊர். கார்ன்வாலிஸ் பிரபுவின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. ஆயினும், ஓர் அந்நிய தேசத்து ஜனங்களைப் போதையில் ஆழ்த்திய அபின் அவ்வூர் ஆலையிலிருந்தும் பாட்னாவிலிருந்தும் பெட்டி பெட்டியாகப் புறப்பட்டது என்பதாலேயே அது சரித்திரத்தில் இடம் பெற்றது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கிய பிறகு, குடியானவன் முன்பணம் வாங்கிக்கொண்டு கசகசா பயிரிடவும், விளைந்ததைக் கம்பெனி வைத்த விலைக்கே கொடுக்கவும் கடமைப்பட்டான். பச்சைக் காயைப் பிற்பகலில் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். ஆலையில் அது பந்துகளாக உருட்டப்பட்டு, ரொட்டிபோல் தட்டிய கசகசாப் பூவிதழ்களால் பொதியப்பட்டு, பெட்டிக்கு நாற்பதாகக் கல்கத்தா ஏலத்துக்குப் போய்ச் சேரும்.

இதற்கு அப்பால்தான் கம்பெனியின் சாமர்த்தியம் இருந்தது. சீனச் சக்கரவர்த்தி 1729-லேயே அபின் விற்பனைக்குத் தடை விதித்திருந்தமையால், கம்பெனி தன் கப்பல்களில் அதை ஏற்றுவதில்லை. ஏலம் எடுத்த தனி வியாபாரிகள் சீனக் கரையருகே உள்ள லிண்டின் தீவுவரை கொண்டுபோய்க் கள்ளத்தனமாக விற்று, கிடைத்த வெள்ளியைக் கான்டனில் கம்பெனியின் கஜானாவில் செலுத்த, அந்த வெள்ளியைக் கொண்டு கம்பெனி தேயிலை வாங்கிற்று. சட்டத்தை மீறியவன் ஒருவன், லாபம் பெற்றவன் வேறொருவன்!

புகைத்தவன் கதியோ பரிதாபகரமானது. முதலில் வலியையும் கவலையையும் மறக்கச் செய்த சரக்கு, நாளடைவில் அளவு கூடினாலொழியச் சுகம் தராது. ஒருவேளை தவறினால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, உடம்பெல்லாம் முறிந்து வலிக்கும். பசி மந்தித்து, சம்பாத்தியம் குழாய்க்கே போய்விடும். 1820-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பெட்டிகளாக இருந்த சீன இறக்குமதி, இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 40,000 ஆயிற்று.

1839-இல் லின் சே-சூ என்னும் அதிகாரி 20,000-க்கு மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து, ஹூமனில் உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். கடலை மாசுபடுத்துவதற்காகச் சமுத்திர தேவதையிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்பதைப் படிக்கும்போது, இதை முன்னிட்டு ஆங்கிலேயர் சீனாமீது தொடுத்த அபின் யுத்தத்தில் அவ்வளவு வெட்கம் வேறு யாருக்கேனும் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த யுத்தத்தில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் சிக்கினார்கள்: 1841 மே மாதம் கான்டனுக்கு அருகே, 37-ஆம் மெட்ராஸ் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, மழையில் துப்பாக்கிகள் நனைந்து சுடாமற்போக, கிராமத்தாரின் முற்றுகையில் அகப்பட்டுத் தவித்தது. மறுவருஷம் நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் ஆங்கிலேயர் வசமாயிற்று.

தாகூர் 1881-லேயே இவ்வியாபாரத்தைக் கண்டித்து எழுதினார். 1893-இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனோ, இந்தியாவில் அபினால் விளையும் தீங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்ற முடிவுக்கு வந்தது. வரும்படியைக் காக்க வேண்டியிருந்த சர்க்காருக்கு இதைவிட உவப்பான தீர்ப்பு வேறென்ன? 1907-இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையின்படி படிப்படியாகக் குறைந்த ஏற்றுமதி 1913-இல் நின்றது. அதற்குள் சீனாவிலேயே கசகசா ஏராளமாக விளைந்துவிட்டது. இந்திய வருமானத்தில் அபினின் பங்கும் முன்னளவு இல்லை. ஆகவே அந்தத் துறவுக்கு அளவுக்கு மிஞ்சிய புகழ் தர வேண்டியதில்லை.