பிணியும் பள்ளியும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நிலம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல் விளையும். இல்லையேல் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டும், அல்லது வெளியூர் செல்ல வேண்டும்.

எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் உண்டென்பது 1986-இல் சென்னையில் தெரியவந்தது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டி, வேலூரில் சோதித்துக் கண்ட உண்மை அது. அச்சம் மருந்தினும் விரைந்து எங்கள் சிற்றூர்களை அடைந்தது.

2003-இல் மூதாட்டி ஒருவர் தம் பேரனை என் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பெற்றோர் இருவரும் இப்பிணியால் மாண்டவர். சிறுவனுக்கும் கிருமி உண்டு. "ஒங்ககிட்ட மறைக்கக்கூடாது, ஐயா" என்று தனியே சொன்னார். நான் அதை உடனாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். மறுவாரம் ஊரே அறிந்தது. பெற்றோர்கள் வாயிலில் கூடினர். சிறுவனைச் சன்னலோரம் தனியே அமர்த்தினேன். தண்ணீர்க் குவளையையும் வேறாக்கினேன். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் கற்றிருந்த எனக்கு அது நல்லதொரு சமரசமாகவே தோன்றிற்று!

கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் கிருமி சேய்க்குச் செல்லக்கூடும்; தொடுவதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ பரவாது. இஃது அன்றே அறியப்பட்ட செய்தி. நான்தான் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 2004 ஏப்ரலில், அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாய்க் கிடைக்கத் தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. குழந்தைகளுக்கென ஏற்ற மருந்துத் திட்டம் 2006-இல் பிறந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கும் உணவுக்கும் உதவத் தமிழக அரசு 2009-இல் ஓர் அறக்கட்டளை நிறுவியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் ஒதுக்குதலை அது தடுக்கிறது; நம்பிச் சொன்ன செய்தியை இசைவின்றி வெளியிடுதலையும் தடுக்கிறது. இப்பிணியால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்தும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பக்குவம் உடையதாயின், தன் தம்பி தங்கையரைப் பள்ளியிற் சேர்க்கும் காப்பாளராகலாம் என்றும் கூறுகிறது. உங்கள் வயதினரைச் சட்டம் எத்துணை நம்புகிறது, பாருங்கள்!

ஐப்பசியில் கண்மாய் நிறைந்த வாரம் சிறுவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் நானே அடித்தேன். தை மாதத்தில் கரிமூட்டத்தருகே இருவரையும் கண்டேன். சிறுவன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். மூதாட்டி எழுந்து, "கும்பிடுறேன், ஐயா" என்றார்.