மூங்கில் அணத்தான்

மூங்கில் அணத்தான் என்பது தென்னிந்திய, மத்திய இந்தியக் காடுகளில் வாழும் சிறு பாலூட்டி. மதராஸ் மர மூஞ்சூறு என்றும் சொல்வதுண்டு. அது மூஞ்சூறும் அல்ல, அணிலும் அல்ல. பெயரில் மதராஸ் இருக்கிறதே தவிர, பட்டணத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

பட்டணத்தை ஒட்டிய பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் காடு ஊர்ப்பெயரில்தான் மிச்சம். மதில்மேல் ஓடுவதெல்லாம் முதுகில் மூன்று கோடு போட்ட அணில். அதையே பார்த்துப் பழகியவர் ஏற்காட்டுக்குப் போய் மூங்கில் அணத்தானைக் கண்டால் முதலில் அணில் என்றுதான் நினைப்பார். ஏமாற்றுவது வால்: உடலின் அளவுக்கு நீண்டு, அடர்ந்த மயிரோடு இருக்கும். முகத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மூக்கு கூராக முன்னே நீளும். அணிலுக்கு உள்ளதுபோல் நீண்ட மீசை கிடையாது. முதுகில் கோடும் இல்லை. பழுப்பும் மஞ்சளும் பொடியாகத் தூவினாற்போன்ற நிறம். தோளில் மட்டும் வெளிறிய கீற்று ஒன்று. வயிறு வெளுப்பு. காதுகள் மற்ற மர மூஞ்சூறுகளுக்கு உள்ளதைவிடப் பெரியவை, மயிர் படர்ந்தவை. தலையும் உடலும் சேர்ந்து 16 முதல் 18 செ.மீ. வரை, எடை 150 கிராமை ஒட்டி. வாயில் 38 பற்கள். அணிலுக்கு இல்லாத கோரைப்பல்லும் இதற்கு உண்டு.

மரம் ஏறத் தெரிந்தும் பெரும்பாலும் தரையில்தான் திரியும். விடிந்ததும் பாறை இடுக்கிலிருந்தோ மண்பொந்திலிருந்தோ கிளம்பி, பொழுது சாயுமுன் திரும்பிவிடும். சருகைக் கிளறி எறும்பு, பூச்சி, மண்புழு தின்னும், பழமும் தின்னும். பெரும்பாலும் தனியாகவே இரை தேடும். உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும் விதம்தான் வேடிக்கை: சாய்ந்த அடிமரத்தில் சிறிது தூரம் ஏறி, கைகால்களால் பிடித்து வழிநடத்தியபடி, பட்டையோடு உடம்பைத் தேய்த்துக்கொண்டு சறுக்கி இறங்கும்.

இதன் அறிவியல் பெயர் அனத்தானா எல்லியோட்டி. முதலில் 1850இல் விலங்கியலாளர் வாட்டர்ஹவுஸ் இதை டுபாயா பேரினத்தில் சேர்த்து விவரித்தார். 1913இல் விலங்கியலாளர் லயன் தனிப் பேரினமாக்கியபோது, ‘மூங்கில் அணில்’ என்று பொருள்படும் தமிழ்ப் பெயரிலிருந்தே அனத்தானா என்பதை எடுத்தார். ஊர்மக்கள் வாய்ச்சொல் லத்தீன் வேடம் போட்டு உலகம் முழுக்கப் போனது இப்படித்தான். எல்லியோட்டி என்பது சர் வால்டர் எலியட்டைக் குறிக்கும் (1803–1887). மதராஸ் அரசுப் பணியில் இருந்த இவர் 1854இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். அமராவதி பௌத்தச் சிற்பங்களை 1845இல் அகழ்ந்தவரும் இவரே. பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பெயர் தந்த எலியட் வேறொருவர்.

மர மூஞ்சூறுகளை ஒரு காலத்தில் பூச்சியுண்ணிகளோடும், பிறகு குரங்கினத்தோடும் சேர்த்து வைத்தார்கள். இப்போது அவற்றுக்கென்றே தனி வரிசை உண்டு. அனத்தானா பேரினத்தில் உள்ளது இந்த ஒரே இனம்தான். கங்கைக்குத் தெற்கே, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலை, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை, சாத்புரா மலைத்தொடர் ஆகிய இடங்களில் வாழ்கிறது. இந்தியாவில் மற்ற மர மூஞ்சூறுகளைப் பார்க்க வடகிழக்குக்கோ நிக்கோபார் தீவுக்கோ போக வேண்டும்.