குளிரிற் காக்கப்படும் நினைவு

கல்முனைக் கரையிலே தோணிகள் வந்தடைந்ததும் மீன் பனிக்கட்டியுள் இடப்படுகின்றது. குளிர் நீங்கின் மீன் கெடும் என்பதை மீனவர் நன்கறிவர். கணனியின் நினைவையும் குளிரிற் காக்க முயன்ற வரலாறொன்று உண்டு.

அவ்வரலாறு ஈலியத்துடன் தொடங்குகின்றது. ஒல்லாந்தின் லெய்டன் நகரிலே கமர்லிங் ஒன்னசு 1908இல் ஈலிய வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். அவ்வாயு மொனசைற்று மணலிலிருந்து பெறப்பட்டது. ஈலியம் செறிந்த மற்றொரு கனிமமாகிய தோரியனைற்றை 1904இல் இலங்கையிற் கண்டெடுத்தவர், கலைவரலாற்றறிஞராகப் பலரும் அறிந்த ஆனந்த குமாரசுவாமி என்பது ஈண்டு நினைத்தற்குரியது. 1911இல் ஒன்னசு, ஏறத்தாழ -269 பாகை செல்சியசில் இரசம் தன் மின்தடையை முற்றாக இழத்தலைக் கண்டார். இதுவே மீகடத்தல் எனப்படும்.

மீகடத்தும் வளையமொன்றிற் செலுத்தப்பட்ட மின்னோட்டம் தேயாது சுழலும். வலமாகச் சுழலின் 1 எனவும் இடமாகச் சுழலின் 0 எனவும் கொண்டால், வளையமே நினைவாகின்றது. மசாசுசெற்சு தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த டட்லி பக், தந்தாலக் கம்பியின்மீது நையோபியக் கம்பியைச் சுற்றிக் கிரையோத்திரன் என்னும் ஆளியை ஆக்கினார். சுற்றிய கம்பியின் காந்தப்புலம் உள்ளிருக்கும் கம்பியின் மீகடத்தலைக் குலைக்கும். புலம் நீங்கின் அது மீளும். 1956இல் இக்கருவியை உலகறியச் செய்த பக், 1959இல் தமது 32ஆம் வயதிற் காலமானார்.

1962இல் பிரயன் யோசப்சன் வெளியிட்ட கொள்கை புதிய வழியைக் காட்டிற்று. அதன்வழி ஐ.பி.எம். நிறுவனம் விரைவுக் கணனியொன்றை ஆக்க முற்பட்டது. எனினும், நினைவகச் சில்லை உருவாக்குவதில் நேர்ந்த இடர்ப்பாட்டாலும் சிலிக்கனின் விரைந்த வளர்ச்சியாலும் 1983இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இன்று குவாண்டக் கணனிகள் பல கடுங்குளிரிலேயே இயங்குவதால், அவற்றின் அருகிலேயே இயங்கத்தக்க நினைவகங்களை ஆய்வாளர் மீண்டும் நாடுகின்றனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? மீகடத்தியை இடையறாது குளிரில் வைத்துப் பேணுதல் வேண்டும். மீகடத்தல் குலையுமளவுக்கு வளையம் வெப்பமுறின் மின்னோட்டம் அழியும். அதனோடு நினைவும் அழியும்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடல் புகுந்தபோது, உயிர்களோடு காணி உறுதிகளும் குடும்பப் படங்களும் கையெழுத்தேடுகளும் மறைந்தன. தாளாயினும் சரி, சில்லாயினும் சரி, தானே நிலைக்கும் நினைவு எதுவுமில்லை. பேணுவார் உள்ளவரையே அது நிலைக்கும். எஞ்சிய ஏடுகளைப் படியெடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.