இரண்டு குழந்தைகளும் ஒரு பல்லவராயரும்

மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே போனால் திருவொற்றியூர்க் கோயில். அங்குள்ள கல்வெட்டொன்று இரண்டாம் இராஜாதிராஜ சோழனின் 9ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பங்குனி உத்திர விழாவில், மடத்தலைவர் சதுரானன பண்டிதர் உடனிருக்க, ஆளுடைய நம்பியின் (சுந்தரரின்) புராணத்தை அரசன் கேட்ட செய்தி அதில் இருக்கிறது. என்னை நிறுத்தியது அந்த ஆண்டெண். முன்னவனான இரண்டாம் இராஜராஜனுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அப்படியென்றால் இவன் அரசனா, குழந்தைக்காக ஆண்ட அரசப் பிரதிநிதியா?

விடை தேட மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக்குப் போக வேண்டும். இராஜராஜன் இறந்தபோது பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். தொண்டை மண்டலத்துக் காரிகைக் குளத்தூரைச் சேர்ந்த அமைச்சர் பெருமானம்பிப் பல்லவராயர், ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து அவர்களைப் பாதுகாப்பாக வெளியேற்றினார். விக்கிரம சோழனின் பேரன் எதிரிலிப்பெருமாளுக்கோ முன்பே ‘மண்டை கவிப்பித்து’ (இளவரசு முடி சூட்டி) இருந்தது. நான்காம் ஆண்டில், உடன்கூட்டமும் (அரசனுடனிருந்த அதிகாரிகளும்) நாடும் ஒன்றுபட, அவனே இராஜாதிராஜன் ஆனான்.

பிரதிநிதி ஆட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மதுரையில் ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை ஆண்டது பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக, அரசுரிமை பேரனுடையது. பிரான்சில் 1715இல் ஐந்து வயது பதினைந்தாம் லூயி அரசனாக இருக்க, ஓர்லியான் கோமகன் பிரதிநிதியாக ஆண்டார். ஒற்றியூர்க் கல்லிலோ ஆண்டு ஓடுவது இராஜாதிராஜனின் சொந்தப் பெயரில். ஆகவே அவன் பிரதிநிதி அல்லன், அரசன். பிரதிநிதிக்குரிய வேலையை, அதாவது வாரிசுகளைக் காத்து இடைவெளியைக் கடத்துவதை, பட்டமில்லாமல் செய்தவர் பல்லவராயர்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு முடிச்சு அவிழவில்லை. நூல்கள் இராஜராஜனுக்கு 1146–1173 என்று ஆட்சிக்காலம் தருகின்றன. இராஜாதிராஜன் தொடங்குவதோ 1163 அல்லது 1166. தந்தை உயிரோடிருக்கும்போதே இளவரசனின் ஆண்டுகளை எண்ணுவது சோழர் வழக்கம். ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை அது ஓரளவு விளக்கும். ஆனால் 1178இல் முடிசூடிய மூன்றாம் குலோத்துங்கன் அந்தக் குழந்தைகளில் ஒருவனா? இராஜராஜன் 1173இல்தான் இறந்தான் என்றால், மூத்த குழந்தைக்கே 1178இல் ஏழு வயதுதான். விரைவிலேயே பாண்டிய நாட்டில் போர் நடத்தியவனுக்கு அந்த வயது பொருந்தவில்லை. இறப்பை முன்தள்ளினால் வயது பொருந்தும், 1173 பொருந்தாது.

சாட்சியையும் எடைபோட வேண்டும். பல்லவராயன்பேட்டைக் கல் அரச வரலாறு எழுத வெட்டப்பட்டதன்று. பல்லவராயர் இறந்தபின் அவர் உறவினருக்கு இறையிலி, அதாவது வரி நீக்கிய நிலம், கொடுத்த ஆவணம் அது.