தயக்கமும் இழப்பே!

என்னுடன் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பருக்குக் கைப்பேசியில் ஓர் அழைப்பு வந்தது. வாழ்நாள் சான்று பதிவாகவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும் என்றது அக்குரல். அவரது பெயர், ஓய்வு பெற்ற ஆண்டு, வங்கிக் கிளை ஆகியவற்றைச் சரியாகச் சொன்னதால் நம்பிவிட்டார். பற்று அட்டை எண்ணையும், தொடர்ந்து வந்த ஓடிபி எண்களையும் தெரிவித்தார். அவரது இணைய வங்கிச் சேவை வேறொருவர் கைக்குப் போயிற்று. அன்றே பணம் பறிபோனது.

பேராசிரியரே ஏமாந்தார் என்று ஊர் பேசுமே எனக் கூசி, அவர் வீட்டாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மீண்டும் பணம் எடுக்கப்பட்டது.

இரண்டாவது இழப்பு தவிர்த்திருக்கக் கூடியது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் இழப்பு யாரைச் சேரும் என்பதை வரையறுத்தது. ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. இருதரப்பிலும் தவறின்றி வேறெங்கோ நேர்ந்த கசிவால் பணம் போயிருப்பின், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் புகார் அளித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமையும் வங்கிக்கே உரியது.

அழைப்பவர் நம் விவரங்களை அறிந்திருப்பது அவர் வங்கி ஊழியர் என்பதற்குச் சான்றாகாது. நகல் எடுக்கும் கடை முதல் விடுதி வரவேற்பறை வரை நாம் விட்டுச்செல்லும் அடையாள அட்டை நகல்கள் ஏராளம். கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை, ஏற்கப்படும் இடங்களில் அளிக்கலாம். நகலின் மீது நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடலாம். விரல்ரேகைப் பதிவை ஆதார் இணையதளத்தில் பூட்டி வைக்கலாம். ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணுக்கு நாமே பேச வேண்டும்.

வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. கடன் வேண்டுமா என அழைத்து, பிறந்த தேதியைக் கேட்டுப் பழக்கியவர்கள், பிறகு எவரிடமும் எதையும் சொல்லாதீர் என்று குறுஞ்செய்தி அனுப்புவது முரண்.

பணம் போனது தெரிந்தவுடன் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிப்பதே முதல் கடமை. இதை எழுத நண்பர் இசைந்தார். பெயரை மட்டும் தவிர்க்கச் சொன்னார். அந்தக் கூச்சம் இன்னும் அகலவில்லை.