நான்கு விசிறிகளின் நூறு வருடக் காத்திருப்பு

"ட்ரோன் எந்த நாட்டுக் கண்டுபிடிப்பு?" என்று வகுப்பில் கேட்டால், "சைனா சேர்" என்ற பதில் பல வாய்களிலிருந்து ஒரே நேரத்தில் வரும். கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் நின்று வீடியோ எடுக்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் நான்கு விசிறிகளால் மேலெழும் இயந்திரம் அந்தப் பெட்டியைவிட நூறு வயது மூத்தது.

1907இல் பிரான்ஸின் டுவே நகரில் பிரெகே சகோதரர்கள் அப்படியொன்றைச் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் பேராசிரியர் ஷார்ல் ரிஷே. (ஆறு வருடங்களுக்குப் பிறகு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் இவர்தான். அந்தக் காலத்தில் ஒருவர் ஒரே துறைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை.) இயந்திரம் தரையிலிருந்து இரண்டடி அளவுக்கு எழும்பியது. ஆனால் அது கவிழ்ந்து விடாமலிருக்க நான்கு மூலைகளிலும் ஆட்கள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து அமெரிக்க இராணுவம் முயன்றது. ரஷ்யாவிலிருந்து வந்த டி பொதெஸா என்ற பொறியியலாளர் செய்த நான்கு ரோட்டர் இயந்திரம் 1922 டிசம்பர் 18 அன்று ஒஹாயோ மாநிலத்தில் பறந்தது. பல தடவை பறந்தும் அதன் உச்ச உயரம் ஐந்து மீற்றர் அளவைத் தாண்டவில்லை. இராணுவம் அதைக் கைவிட்டது. 1924 மே மாதம் பிரான்ஸில் எத்தியன் எமிஷான் ஒரு கிலோமீற்றர் தூரத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே இறங்கிக் காட்டினார். ஏழரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. ஓட்டமும் நடையுமாகப் போயிருந்தால் நாமும் கூடவே போயிருப்போம்.

இவர்களிடம் இயந்திரச் சக்தி போதாமல் இருந்தது உண்மைதான். ஆனால் பெரிய சிக்கல் வேறு. பெருநாள் சஹனை நான்கு விரல் நுனிகளில் ஏந்தி நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தால், அது சரியத் தொடங்குமுன் அந்தப் பக்கத்து விரல் உயர வேண்டும். ஒரு செக்கனுக்குள் எத்தனையோ தடவை இந்தத் திருத்தம் நடக்க வேண்டும். மனிதக் கண்ணும் கையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கா. போதாக்குறைக்கு, பெரிய கனமான விசிறியின் வேகத்தை நினைத்தவுடன் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1939இல் சிகோர்ஸ்கி மேலே ஒரு பெரிய ரோட்டரும் வாலில் ஒரு சிறிய ரோட்டருமாக ஹெலிகொப்டரைப் பறக்கவிட்டு வழி காட்டியதும், உலகம் அந்தப் பாதையில் போய்விட்டது.

இந்த இடத்தில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் நமக்கு ஞாபகம் வராமல் போகாது. 9ஆம் நூற்றாண்டுக் குர்துபாவில் இறக்கை கட்டிப் பறந்தார் என்று 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதி வைத்திருக்கிறார். நாமும் "முதல் விமானி நம்மவர்" என்று அடிக்கடி பகிர்ந்து மாஷா அல்லாஹ் போட்டுக்கொள்கிறோம். அந்தக் குறிப்பின் மறுபாதியை யாரும் பகிர்வதில்லை. இறங்கும்போது அவருடைய முதுகில் அடிபட்டது. பறவை வாலை வைத்துத்தான் இறங்குகிறது, இவர் வால் கட்டவில்லை என்பது அல்-மக்கரி சொல்லும் காரணம். ஒரு பொறியியல் மாணவனுக்குப் பாடம் அந்த மறுபாதியில்தான் இருக்கிறது. எழுவது ஒரு கலை, எழுந்ததை நிலையாக வைத்திருப்பது இன்னொரு கலை.

நான்கு விசிறிக்கு அந்த இரண்டாவது கலை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி விளையாட்டுச் சாமான் பக்கமிருந்து வந்தது. 1990ஐ ஒட்டிய காலத்தில் ஜப்பானின் கீயன்ஸ் கம்பனி கைரோ பொருத்திய நான்கு விசிறி விளையாட்டுப் பொருளொன்றை விற்றது. தசாப்தத்தின் இறுதியில் கனடாவிலிருந்து ட்ரகன்ஃப்ளையர் வந்தது. இரண்டையும் வாங்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான். பிறகு, சரிவையும் சுழற்சியையும் உணரும் கருவி நகத்தளவு சிப்புக்குள் அடங்கியது. 2009இல் நின்டெண்டோ தனது வீ விளையாட்டுக் கருவிக்கு மோஷன் பிளஸ் என்ற இணைப்பை விட்டது. விலை சுமார் 20 டொலர். அதற்குள் இருந்த கைரோவுக்காகவே அதை வாங்கி, ஸ்குரூவைக் கழற்றி, உள்ளிருந்ததை எடுத்து ஆர்டுயினோ பலகையில் ஒட்டவைத்தவர்கள் இருந்தார்கள். அதற்கென்று பிரான்ஸிலிருந்து ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருளின் பெயர் மல்டிவீ. பெயரிலேயே அதன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

அதே காலத்துப் பெயர்களில் நமக்குப் பிடித்தது ஹோர்டி முன்யோஸ். மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து, வேலை செய்ய அனுமதிப் பத்திரம் கிடைக்காமல் வீட்டில் இருந்த இளைஞர். தாய் கொடுத்த விளையாட்டு ஹெலிகொப்டரை வீ உணரிகளால் தானாக நிலைநிற்கச் செய்து அதை இணையத்தில் போட்டார். வயர்ட் சஞ்சிகை ஆசிரியர் கிறிஸ் அண்டர்சன், நேரில் காணாமலேயே 500 டொலர் காசோலை அனுப்பினார். 2009இல் இருவரும் சேர்ந்து கம்பனி தொடங்கினார்கள்.

அடுத்த கதை மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சிறு பலகையின் கதை. ஈஎஸ்சி என்பார்கள். பொம்மை விமானத்துக்கென்று செய்யப்பட்ட அது செக்கனுக்கு 50 கட்டளைகள் பெற்றால் போதும் என்றிருந்தது. நேராகப் போகும் விமானத்துக்கு அது தாராளம். சஹனைத் தாங்கும் விரலுக்கு அது தூக்கம். போதாததற்கு, மோட்டாரின் வேகம் திடீரென்று மாறாமல் மெதுவாக மாறும்படி வேறு அதில் எழுதியிருந்தார்கள். மலிவான பலகைகளில் அட்மெகா 8 என்ற சிப் இருப்பதைக் கண்ட ஆர்வலர்கள், மேலுறையைக் கத்தியால் கிழித்து, சிப்பின் பக்கத்துப் புள்ளிகளில் மெல்லிய வயர்களை ஒட்டி, கம்பனி எழுதியதை அழித்து, சைமன்கே என்ற இலவச மென்பொருளை ஏற்றினார்கள். அதே மோட்டார், அதே பெட்டரி. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்த ட்ரோன் காற்றில் ஆணி அடித்தாற்போல் நின்றது. பணமாகச் செலவாகாத இந்த மேம்படுத்தல்தான் இந்த வரலாற்றிலேயே பெரியது என்பது நமது எண்ணம்.

2013இல் சீனாவின் டீஜேஐ கம்பனி ஃபெண்டம் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கும் பொருளாக விற்றது. பெரிய சாதனை, மறுக்க முடியாது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெட்டியில் திறப்பதற்கு ஒன்றுமில்லை.

திறந்து பார்த்தவர்கள் வேறு திசையில் போனார்கள். மல்டிவீயின் வழித்தோன்றல்களான கிளீன்ஃப்ளைட்டும் பீட்டாஃப்ளைட்டும் வந்தன. இன்று அந்தச் சிறு கணினி செக்கனுக்கு 8,000 தடவை வரை திருத்தம் செய்கிறது. கெமராவின் பார்வையைக் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டும் பந்தயங்கள் பிறந்தன. 2016 மார்ச்சில் டுபாய் நடத்திய பந்தயத்தில் 250,000 டொலர் முதற்பரிசை வென்ற அணியை வழிநடத்திய லூக் பெனிஸ்டருக்கு வயது 15. நமது சாதாரண தரப் பிள்ளையின் வயது.

அதே சிறு மோட்டார்களும் அதே வகை மென்பொருளும் இன்று உக்ரைன் போர்க்களத்தில் வெடிமருந்து சுமக்கின்றன. காஸா மக்கள் தலைக்கு மேல் ஓயாத ட்ரோன் இரைச்சலுக்கு "ஸன்னானா" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இலவசமாகப் பகிர்ந்தவர்கள் யாரும் இதை நினைத்துப் பகிரவில்லை. வரலாற்றிலிருந்து இதை மட்டும் வெட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் முடியாது.

நமக்கும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 25 அன்று சிவில் விமான சேவைகள் அதிகார சபை நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதை இடைநிறுத்தியது. அந்த நாட்களில் நம் வீடுகளில் வயர், சிப், ரிமோட் என்று எது கிடந்தாலும் உம்மாமாருக்குப் பயம். தடை பின்னர் நீங்கியது. ஆனால் அன்று அலுமாரிக்குள் போன சோல்டரிங் அயன்கள் சில இன்னும் வெளியே வரவில்லை.

"பிள்ளைக்கு எந்த ட்ரோன் வாங்கலாம்?" என்று கேட்கும் வாப்பாமாருக்கு: முதலில் கணினியில் சிமியுலேட்டர். அதில் கை பழகியதும் உதிரிப்பாகங்கள் வாங்கிக் கொடுங்கள், அவனே பூட்டட்டும். அவளே என்றாலும் சரி. கூடுதல் வேகத்துக்காக நான்கு செல் பெட்டரியிலிருந்து ஆறு செல்லுக்குப் போக விரும்பினால் மோட்டாரையும் மாற்ற வேண்டும். 14.8 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாருக்கு 22.2 வோல்ட் கொடுத்தால் கருகிவிடக்கூடும். வெளியில் பறக்கவிடுமுன் அதிகார சபையின் பதிவு, அனுமதி விதிகளை வாசியுங்கள். லிதியம் பெட்டரியை ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவோ 3 வோல்ட்டுக்குக் கீழ் இறக்கவோ கூடாது. பிள்ளைகள் தூங்கும் அறையில் சார்ஜ் போடவே வேண்டாம்.